எதிர்வீட்டுக் கேப்சூல்

மும்பை தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், உறைமோர் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மிச்ச மாத்திரை கேட்டுப் பாருங்கள்... அள்ளித் தருவார்கள்!

போன மாதம் பக்கத்து வீட்டுப் பேச்சி குழாயடியில் நிற்க முடியாமல் நெளிந்தாள். புதுசாய்க் கல்யாணமாகி வந்த பெண். வெள்ளைப்படுதல், அரிப்பு — வெளியே சொல்லக்கூடிய வியாதியா? (பெயரை மாற்றிவிட்டேன். தேடாதீர்கள்!)

எதிர்வீட்டு இசக்கி, புருஷனுக்குக் கட்டி வந்தபோது வாங்கி மிச்சமிருந்த கேப்சூலை நீட்டினாள்.

"அவுகளுக்குப் பொசுக்குன்னு வத்திட்டு. தைரியமா முழுங்குளா."

முழுங்கினாள். அரிப்பு இரட்டிப்பானது.

மாமியார் சொர்ணம் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "சீக்குக்காரிய எந்தலையில கட்டிட்டானுவ. இவள ஊருக்கு அனுப்பிட்டு எம்மவனுக்கு வேற பாக்கேன்."

பேச்சி அழுதாள். புருஷன்? கையிலிருந்த பீடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பீடியா பதில் சொல்லும்?

நான் அவளை மாட்டுங்கா லேடி டாக்டரிடம் இழுத்துப் போனேன். பஞ்சுக் குச்சியில் எடுத்து, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கேப்சூல் முழுங்கியதையும் சொன்னேன்.

"கேப்சூல் யாரு குடுத்தா?"

"எதிர்வீட்டுக்காரி."

"அவ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சா?"

அந்த இடத்தில் நல்ல கிருமிகளும் உண்டாம் — கூர்க்கா மாதிரி. கேப்சூல் அதுகளைக் கொன்றுவிட்டது. பேச்சிக்கு வந்ததோ காளான் ஜாதி. அது அந்தக் கேப்சூலுக்கு அசையவே அசையாதாம். கூர்க்கா இல்லாத வீட்டில் பாய் விரித்துப் படுத்துவிட்டது! மருமகள்களிலேயே ஒருத்தி அதட்டினால் கேட்பாள், ஒருத்தி கொஞ்சினால்தான் கேட்பாள்... கிருமி மட்டும் எல்லாம் ஒரே மருந்துக்கா மடங்கும்?

உள்ளே வைக்கிற வேறு மாத்திரை தந்தார். பேச்சி குழாயடியில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஆனாலும் சொர்ணம், "சீக்கு திரும்பி வரும்" என்று ஊருக்கு அனுப்பும் பேச்சை விடவில்லை.

நேற்று மத்தியானம் அதே சொர்ணம் பதுங்கிப் பதுங்கி என் வீட்டுக்கு வந்தாள்.

"யக்கா... பேச்சிக்குக் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்குமா?"

"யாருக்குட்டி?"

"எனக்குத்தான். ரொம்ப வருசமா..."

"அடிப்பாவி! அப்ப உன்னைய எந்த ஊருக்கு அனுப்ப?"

சொர்ணம் தலையைக் குனிந்தாள். "அவ இங்கனயே இருக்கட்டும்க்கா. நீங்க வெளிய சொல்லிராதீய."

"மிச்ச மாத்திரையெல்லாம் கெடையாது. சேலைய மாத்து, டாக்டருட்ட போவோம்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் டாக்டர். சொர்ணம் சட்டென்று என்னைக் கை காட்டினாள். "இவுகளுக்குத்தான்!"

சிநேகிதிக்காகப் பழியைச் சுமக்கலாம், தப்பில்லை... பரிசோதனை மேஜையில் அவள்தானே ஏறிப் படுக்க வேண்டும்?