நான் திறந்துவிட்ட கடிதங்கள்

கண்டியில் ஒரு சட்டத்தரணி அம்மாவின் இணையத்தளத்தை ஐந்து வருடங்கள் நான் பார்த்துக்கொண்டேன். அக்குறணைக்காரர். நீதிமன்ற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெண்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்ல ஒரு தளம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். வாய்விட்டு யாரிடமும் கேட்க முடியாததைப் பெண்கள் எழுதிக் கேட்பார்கள். அவர் மட்டும் படித்து, எழுதியவருக்கு மட்டும் பதில் அனுப்புவார். அந்த வாக்குறுதியை முகப்பில் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன்.

கடிதங்களை வாங்கிச் சேமிக்கும் பகுதியை நான் எழுதவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல, வேறு யாரோ எழுதி வெளியிட்டிருந்த பிளகின் என்ற இணைப்பு நிரல் ஒன்றை எடுத்துப் பொருத்தினேன். கேள்வி கேட்கும் பெண் ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே வருவாள், எழுதுவாள், போய்விடுவாள். எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பாக இறக்கும் பொத்தான் சட்டத்தரணி அம்மாவின் திரையில் மட்டும் தெரியும்.

ஒருநாள் அந்தப் பிளகினைச் செய்தவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரு பாதுகாப்புக் குறை இருக்கிறது, திருத்திய பதிப்பை உடனே போடுங்கள் என்றார்கள். போன தடவை புதுப்பித்தபோது தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகி, சரிசெய்ய இரண்டு நாள் பிடித்திருந்தது. கையில் வேறு வேலைகள் இருந்தன. வார முடிவில் பார்க்கலாம் என்று விட்டேன். மூன்று வார முடிவுகள் போயின.

நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தக் குறை என்னவென்று ஒழுங்காகப் படித்தேன். பொத்தானைத்தான் மறைத்திருந்தார்கள். அதன் பின்னால் இருந்த கட்டளை, கேட்பவர் கணக்கு வைத்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்தது. இதை எடுக்க அவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கவேயில்லை. கணக்கு யாரும் தொடங்கலாம். தொடங்கிய எவரும் அந்தக் கட்டளையின் இணைய முகவரியைத் தட்டினால் அத்தனை கடிதங்களும் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் கைக்கு வந்துவிடும்.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று காட்டும் சேவையகப் பதிவேட்டைத் திறந்தேன். பதினொரு நாட்களுக்கு முன்பு, பொய்ப் பெயரில் தொடங்கிய ஒரு கணக்கு அதைச் செய்திருந்தது. ஒரே ஒரு தடவை, சில நொடிகளில். அது யார், எந்த ஊர், எதற்கு எடுத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சட்டத்தரணி அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கதிரையில் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்.

"எத்தன பேர்ட கடிதம், மகள்?"

"நாப்பத்தொரு பேரோடது, மேடம்."

"அந்தத் திருத்தம் எப்ப வந்த?"

"மூனு வாரமாச்சு. நான்தான் போடல."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "அவங்களுக்கு விஷயத்தச் செல்லணும்" என்றார்.

"எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பவா?"

"பைத்தியமா? அந்தப் போன் இப்ப யார்ட கையில ஈக்கிதோ. புருஷன் பார்த்தா என்ன ஆகும்? நேர்ல தான் போகணும்."

தளத்தை அன்றே மூடினோம். யார் யாரிடம் போவது என்று பட்டியல் எடுக்க, பெயரையும் எண்ணையும் ஊரையும் மட்டும் பார்க்கச் சொன்னார். கடிதங்களைத் திறக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். இருபத்தாறாவது வரியில் எனக்குத் தெரியாத ஒரு பெயர் இருந்தது. ஊர் கலஹா. எண் என் அக்காவுடையது.

நான் அந்தக் கடிதத்தைத் திறந்தேன்.

அக்கா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். மச்சான் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை, லீவு கிடைப்பதில்லை என்றுதான் எங்களுக்குத் தெரியும். கடிதத்தில் இருந்தது வேறு. அவர் மூன்று வருடமாக வரவில்லை. அங்கே வேறு குடும்பம் இருக்கிறது, ஒரு பிள்ளையும் இருக்கிறது. எங்கள் அம்மா முன்னால் அக்கா சிரித்துச் சிரித்துப் பேசிய தொலைபேசி அழைப்புகளில் மறுபக்கம் யாருமே இல்லை. தீபாவளிக்கு அவர் அனுப்பியதாகக் காட்டிய சேலையை அவளே வாங்கியிருந்தாள். 'இதை வீட்டில் எப்போது சொல்வது என்று நானே முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் சட்டப்படி என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தாள்.

நாங்கள் ஊர் ஊராகப் போனோம். மடவளையில் ஒரு பெண் எங்களை உள்ளே உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டு, "இனி வராதீங்க. நான் யாருக்கும் ஒன்டும் எழுத மாட்டேன்" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். சிலர் அழுதார்கள். பதினான்கு பேரை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

கலஹாவுக்கு நான் தனியாகப் போனேன். பிள்ளைகள் தூங்கும் நேரம். அக்கா மடுவத்துக்கு வெளியே வந்து நின்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"யாரு எடுத்தாங்கன்னு தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"சரி. அது யாரோ. என்னைய தெரியாதவங்க படிச்சா படிச்சிட்டுப் போறாங்க." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ படிச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "படிச்சேன்" என்றேன்.

"அந்த அம்மா படிக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. வேணாம்னுதான் சொன்னாங்க."

"அப்ப ஏன் படிச்ச? நீ செஞ்ச தளம்னுதானே நம்பி எழுதினேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் வேற பேரு போட்டேன்."

உன் எண்ணைக் கண்டதும் பயந்துவிட்டேன் என்றேன். அது உண்மைதான். ஆனால் பயத்தில் கையை எடுத்திருக்கவும் முடியும். உள்ளே ஒரு குழந்தை அழுதது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அரை மணி நேரம் நின்றேன். அவள் திரும்ப வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே எங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேறு யாராவது வந்து சொல்லுமுன் தன் வாயால் சொல்லிவிட நினைத்திருக்கிறாள். அம்மா அன்று சாப்பிடவில்லையாம். மறுநாள் எனக்குப் போன் எடுத்து, "ஒனக்கு முன்னாடியே தெரியுமாமே" என்று மட்டும் கேட்டார். எந்த நாளில், எந்த வார்த்தைகளில் சொல்வது என்று மூன்று வருடமாக அக்கா தனக்குள் வைத்திருந்ததை, நான் தள்ளிப்போட்ட வேலை அவளிடமிருந்து பறித்துவிட்டது.

சட்டத்தரணி அம்மா இப்போது சனிக்கிழமைகளில் டவுனில் ஓர் அறையில் உட்காருகிறார். வருபவர்கள் குறைவு. தூரத்துத் தோட்டங்களிலிருந்து யாரும் வருவதில்லை. என்மீது கோபமில்லை என்கிறார். வேறு வேலை ஏதும் தருவதுமில்லை.

போன மாதம் பேராதனை பஸ் தரிப்பிடத்தில் அக்காவைப் பார்த்தேன். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு பைல். என்னைக் கண்டதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்கக்கா இந்தப் பக்கம்?"

"ஆஸ்பத்திரிக்கு. சும்மா, தலைவலி."

பைலின் விளிம்பில் நீதிமன்ற முத்திரை பாதி தெரிந்தது. நான் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மருந்து தந்தாங்களா?"

"தந்தாங்க."

கலஹா பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். "அம்மாவ வந்து பாரு" என்றாள். சரி என்றேன். பஸ் புறப்படும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.