மாயாற்றங்கரையில் பஞ்சுருட்டான்கள்

பச்சைத் தேயிலை விலை சரிந்து, அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியைப் பூட்டிய வருடம். எங்கள் இத்தலார் வீட்டில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போவது. என்னை மாயாற்றங்கரையில் இருந்த அத்தை வீட்டில் விட்டுவிடுவது. எனக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. மாமா குருவி காட்டுவாராம் என்று சொல்லித்தான் அப்பா என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

அத்தையின் வீட்டுக்காரரான அந்த மாமா, காட்டிலாகாவில் வாட்சர். மலையை விட்டு இறங்கியே அறியாத நான், சிவப்பு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாகப் போய் இறங்கினேன். வெயில் என்பது போய் நின்று குளிர்காய்வதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அது முள்மரங்களையே பொசுக்கிக்கொண்டிருந்தது. மாமா சிரித்துவிட்டார்.

“அம்மிணி, அந்தச் சிவப்பக் கழட்டிப் போடு. ஒரு குருவி கிட்ட வராது.”

ஆற்றோரம் ஒரு மருத மரத்தடியில் எங்களை உட்காரவைத்தார். பேசக் கூடாது, கையை நீட்டக் கூடாது. நேரம் போகப் போகக் கண் சொக்கியது. சுற்றிலும் காய்ந்த செம்மண். நடுவில் ஆறு மட்டும் பச்சையாக, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை மண்சுவர் முழுக்கப் பொந்துகள். திடீரென்று அந்தச் சுவரே எழுந்து பறப்பது போலிருந்தது. அத்தனையும் பஞ்சுருட்டான் குருவிகள். பச்சை உடம்பு, செம்பட்டைத் தலை. தும்பியைக் கவ்வி வந்து, கிளையில் அடித்து, பொந்துக்குள் இருந்த குஞ்சுக்கு ஊட்டின. நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியவில்லை. அப்பா மட்டும் குருவிகளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கயே இருந்துக்கிறியா கண்ணு?”

“இருந்துக்கறனுங்கப்பா. நீங்க வேணா ஊட்டுக்குப் போங்க.” கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

அப்பா எழுந்துபோய்த் தண்ணீரோரம் குந்தி, வெகுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து, “மனசு வரலீங்க மச்சான்” என்றார் மாமாவிடம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்த அத்தை, கரண்டியும் கையுமாக வாசலில் நின்றாள்.

கல்லட்டி மலைப்பாதை வளைவுகள் முழுக்க அழுதேன். குஞ்சுகள் வெளியே வரும்வரைகூட இருக்க விடாத இந்த அப்பாவைப் போல ஒரு கல்நெஞ்சக்காரர் உலகத்தில் கிடையாது. அவர் என்னை இறுக்கி அணைக்க அணைக்க நான் திமிறினேன்.

கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். குஞ்சைப் பார்க்காமல் வந்துவிட்டேனே என்றுதான் அவளும் அழுகிறாள், அம்மாவுக்காவது என் கஷ்டம் புரிகிறதே என்று, நான் அப்பாவை முறைத்தேன்.