கள் மணத்த தோல்பை

அன்று ஆற்றுக்குப் போனவர்கள் இவர்கள். மடத்துக்காரர், சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவர். வண்டிக்காரர். சோழவந்தான் கொடிக்கால்காரர், வெற்றிலை விற்கிறவர். மில்லில் வேலை பார்த்த ஒருவர். தறிக்காரர். கொத்தனார், கை நடுங்கி வேலை போனதால் மடத்தில் சமையலைப் பிடித்துக்கொண்டவர். கடைசியில் நான். மூட்டை தூக்குகிறவன்.

மடத்துக்காரர் தவிர மற்ற எல்லாரும் குடித்துக் கெட்டவர்கள்.

மடம் என்றால் செல்லூரில் ஒரு ஓட்டு வீடு. முன்னறையில் பெருமாள் படமும் விளக்கும். பின்னால் எங்கள் பாய்கள். மடத்துக்காரரோடு கூடப் பிறந்தவர் குடித்தே செத்துப்போனார். அந்த வீடு அவருடையது. அதற்கு வாடகைக்கு ஆள் தேடாமல் எங்களை வைத்தார். பகலில் அவரவர் வேலைக்குப் போகலாம். விளக்கு ஏற்றும் நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கள்ளுக்கடைகள் சர்க்கார் லைசென்சோடு தெருவுக்குத் தெரு இருந்த காலம். அவற்றைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பஜனைக்கு முன்னால் வாசலில் வரிசையாக நிற்போம். ஒருவர் முகத்தில் அடுத்தவர் ஊதிக் காட்ட வேண்டும். வாடை இல்லை என்றால் ஜால்ராவை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். வாடை இருந்தால் வெளியே உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்க வேண்டும். அடி கிடையாது. விரட்டுவதும் கிடையாது. ஆனால் உள்ளே ஜால்ரா சத்தம் கேட்க, வெளியே உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அடியே தேவலை.

வண்டிக்காரர் அந்த வருஷம் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டார். ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பி, சின்னக் குழாய் வழியாக, வெயிலில் வருகிற சாமி மேல் அடிப்பார்கள். விரதம் இருந்து செய்கிற காரியம். கொடிக்கால்காரருக்கு அது வழக்கம். வண்டிக்காரருக்குப் புதுசு.

அவருடைய சம்சாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பழங்காநத்தத்தில் தாய் வீட்டோடு இருந்தார். வெற்றிலை விற்கப் போன கொடிக்கால்காரரிடம் அந்த அம்மா சொல்லி அனுப்பியது இதுதான்.

"தண்ணி பீச்சுறப்ப வந்து பாப்பேன். தெளிஞ்சு நின்னா கூட வாரேன். இல்லைன்னா இனி ஆள் அனுப்ப வேணாம்."

அதைக் கேட்டதிலிருந்து மடத்தில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களே வரப்போகிற மாதிரி இருந்தது. தறிக்காரர் தன் நல்ல வேட்டியை வண்டிக்காரருக்குக் கொடுத்தார். கொத்தனார் அவருக்குத் தலைப்பாகை கட்டிப் பார்த்தார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார்.

புதுத் தோல்பை வாங்க வண்டிக்காரரிடம் வசதி இல்லை. வாடிப்பட்டிச் சந்தையில் பழசு ஒன்றை வாங்கி வந்தார். கட்டை மாதிரிக் காய்ந்து கிடந்தது. எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, சாம்பிராணிப் புகை பிடித்து வைத்தார். கோயில் மாதிரி மணத்தது.

விடியும்போது அழகர் ஆற்றில் இறங்கினார். சாமி உடுத்தியிருப்பது பச்சைப் பட்டு என்று கூட்டத்தில் செய்தி ஓடியது. விளைச்சல் நிச்சயம் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சாமி மண்டகப்படிப் பந்தலுக்கு வருகிற வழியில் மணலில் இடம் பிடித்தோம். நல்ல வெயில் ஏறிவிட்டது. பறைச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. வண்டிக்காரர் பையை நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டு தெற்குக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்துவிட்டார்கள். அம்மாவும் மகளும்.

மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமி வருவதற்கு முன்பே பையை அமுக்கிவிட்டார். தண்ணீர் எங்கள் எல்லார் மேலும் விழுந்தது. வந்த இரண்டு பேர் மேலும் விழுந்தது.

கள் வாடை.

பழைய, புளித்த கள். சந்தைக்காரன் அந்தப் பையில் எத்தனை வருஷம் கள் சுமந்தானோ. தோல் நனைந்து, வெயிலும் பட்டதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. என் வாயில் எச்சில் ஊறியது. பொய் சொல்வானேன். மில்காரர் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அந்த அம்மா முகத்தைத் துடைத்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"அவரு குடிக்கலை தங்கச்சி. காலைல கெளம்புறப்ப என் மூஞ்சிலதான் ஊதினாரு."

"உங்க மேலயும் அந்த நாத்தந்தாண்ணே அடிக்குது."

மடத்துக்காரர் சாமி மேல் ஆணையிட வந்தார். ஆணையெல்லாம் வீட்டில் அம்புட்டுக் கேட்டாயிற்று என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

வண்டிக்காரர் பையைக் கீழே வைத்தார். ஓடிப்போய் வாய்க்காலாக ஓடிய தண்ணீரில் விழுந்தார். மணலை அள்ளி உடம்பெல்லாம் தேய்த்தார். முங்கினார். எழுந்தார். மறுபடியும் முங்கினார். தறிக்காரரின் நல்ல வேட்டி சேறாகிவிட்டது. சொட்டச் சொட்ட வந்து சம்சாரத்துக்கு முன்னால் நின்றார். மடத்தில் வரிசையில் நிற்பதைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஊதச் சொல்லுங்கண்ணே."

ஊதினார். அந்த அம்மா கண்ணை மூடி முகர்ந்தார். இன்னொரு தரம் ஊதச் சொன்னார். ஊதினார். எங்களில் யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு குனிந்து தோல்பையை எடுத்துக் குழாயை மூக்கில் வைத்தார். முகம் சுளித்தது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"குடிய விட்ட மனுசன், தேடிப் போயி கள்ளுப் பைய வாங்கியிருக்காரு பாருங்கண்ணே."

மகளும் சிரித்தாள். வண்டிக்காரர் மட்டும் சிரிக்காமல் கையைக் கட்டியபடியே நின்றார்.

அதற்குள் கோவிந்தா என்று ஆறே அலறியது. குதிரை மேல் அழகர் வந்துவிட்டார். கொடிக்கால்காரர் தன் பையை வண்டிக்காரர் தோளில் மாட்டினார். மில்காரர் முதுகால் கூட்டத்தைத் தள்ளி வழி செய்தார். வண்டிக்காரர் அடித்த தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டு போய் அந்தப் பச்சைப் பட்டில் விழுந்தது. நான் கத்தின கத்தலில் சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தொண்டை இல்லை.

கள்ளுப் பையைக் கொத்தனார் மணலில் தோண்டிப் புதைத்தார்.

திரும்பும்போது அந்த அம்மா என்னிடம் பேசவில்லை. நேராக அவரிடமே சொன்னார்.

"வேட்டியப் புழிஞ்சு கட்டுங்க. வண்டி எங்க நிக்குது?"

வண்டி மடத்தில் நின்றது. சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மடத்துக்காரர் பிடிவாதமாகச் சொன்னார். வழியில் இருந்த கள்ளுக்கடையைப் பாட்டுப் பாடிக்கொண்டே கடந்தோம். மடத்து வாசலில் எல்லாரும் வழக்கம்போல ஊதினோம். அந்தச் சின்னப் பெண்ணும் வரிசையில் நின்று ஊதினாள்.

கொத்தனார் சோற்றை வடித்துவிட்டு, எத்தனை இலை போடுவது என்று கேட்டார். நான் எண்ணிச் சொன்னேன்.

ஒன்பது.