மாயாண்டியின் பெயர் இல்லாத கல்வெட்டு

எங்கள் சபை மூப்பர்களே, நீங்கள் நன்றி கெட்டவர்கள். நம் ஊரை உண்டாக்க நடந்து வந்த முதல் விசுவாசிகளின் பெயர்களைக் கல்வெட்டில் வெட்டினீர்கள். என் பூட்டனார் மாயாண்டியை மட்டும் விட்டுவிட்டு, அவர் வந்ததற்கு அத்தாட்சி கேட்டீர்கள்.

அதற்காகத்தான் வடக்கே, கோச்சடை தாண்டி, அவர் புறப்பட்ட ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று ஆடி அமாவாசை. டிரான்சிஸ்டர் அலறும் டீக்கடையில் விசாரிக்கிறேன். மாயாண்டியின் தம்பி வம்சத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து வருகிறார்.

“வேதத்துல சேந்து, திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போனவரு வகையறாவா? உசுரோட இருக்கையிலேயே அவருக்குக் கொள்ளிக்குடம் ஒடச்சுத் தலைமுழுகிட்டாகப்பா. செத்தவருன்னு ஆன பெறகு படைக்காம விட முடியுமா? வருசந்தவறாமப் படைக்கிறோம். நீங்க வேதக்காரவுக, படைச்சதைத் திங்க மாட்டீகளே!”

“திம்பேன். போடுங்கண்ணே.”

சாகும்வரை மாயாண்டி நம் ஊரில் தினமும் சாயங்காலம் வடக்கே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். அவர் ஏங்கிய வீட்டில் நான் வாழைக்காயும் சோறும் தின்கிறேன்.

துரத்திய சொந்தங்கள் அவர் பெயரை மறக்கவில்லை. யாரை நம்பி அத்தனை தூரம் நடந்தாரோ, அந்த நீங்கள் ஏன் மறந்தீர்கள்? வருகிற ஞாயிறு ஆராதனையில், சபை முழுவதும் கேட்க எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.