வெயிலில் திறந்த தகடு

கொட்டாரம் ஊர் மருந்துக்கடைக்காரர் பல இரவுகள் விழித்து எடுத்த படத்தை நான் வேண்டுமென்றே அழித்தேன். ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கும் இரண்டு சுருள் அண்டங்களை, அதாவது விண்மீன் கூட்டங்களை, தன் மாடித் தொலைநோக்கியால் ஒளிபட்டால் கறுக்கும் ஒரே கண்ணாடித் தகட்டில் இரவுக்கிரவு பதித்துவந்தார் அவர். ஒற்றைக் கண்ணால் குழாயில் பார்த்த பழக்கத்தில், பகலில் பேசும்போதும் இடது கண்ணை மூடியே வைத்திருப்பார்.

முதன்முறை அவர் தொலைநோக்கியில் அவற்றைக் காட்டியபோது, பி.ஏ. படித்த நான் லென்ஸில் தூசி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதன்பின் நான் கடைப்பக்கம் போனாலே, "பி.ஏ. தூசி வருது, வழி விடுங்கடே!" என்பார். கடையே சிரிக்கும். ஒருநாள் என் மாமனார் முன்னாலும் சொன்னார். அன்று மதியமே மாடியேறி, தகட்டுப் பெட்டியை வெயிலில் திறந்து மூடினேன். அவர் மருந்தில் கழுவியபோது தகடு முழுக்கக் கறுத்திருந்தது.

மறு பங்குனியில் புதுத் தகடுகள் வாங்கிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "செரி, இந்தத் தடவை நீயே உக்காரு மக்கா" என்றார். நிலா இல்லாத இரவுகளில் எல்லாம் நான்தான் கண் எரிய எரிய உட்கார்ந்து, வானம் நகர நகரத் தொலைநோக்கிக் குழாயை நகர்த்தினேன். வேலை முடிந்த மறுநாள், நல்ல வெயிலில் பெட்டியை என் கையில் தந்தார்.

"திற."

"அண்ணாச்சி, படம் போயிருமே! இது உங்க படமுமில்லா?"

"அன்னைக்கு அது தெரியல்லியோ? திறடே."

திறந்தேன். அவர் இரண்டு கண்களாலும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் அவர் என்னைத் தூசி என்று கூப்பிடவில்லை. அந்த அண்டங்களையும் மறுபடி எடுக்கவில்லை.