மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சர்வர்

மராட்டிய ஊரான பாணேரில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அங்கே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சர்வர் என்று மரியாதையாக அழைக்கப்பட்டது, மேலாளரின் அறையில் நின்ற ஒரு சாதாரணக் கணினி. அவருக்கு ஏசி வேண்டும், அதற்கும் ஏசி வேண்டும். கோயம்புத்தூர்க்காரரான அவர், நாற்காலியைப் பின்னால் தள்ளும்போதெல்லாம் அதை இடிப்பார்.

மழைக்காலம் முடிந்ததும் சர்வர் மெதுவாகியது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே டப்ரி என்ற பெட்டிக்கடையில் டீ குடித்து வந்தாலும் திறந்திருக்காது. மேலாளர் கூட்டம் போட்டார். கூட்டம் போடுவதுதான் வேலை என்று அவர் உண்மையிலேயே நம்பினார். வெள்ளைப் பலகையில் ‘காரணங்கள்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். அதன்கீழ் எழுதியது ஒன்றே ஒன்று: பாட்டு.

சர்வரில் இருந்த பாட்டுகள், தாபோடியிலிருந்து வந்த, இந்தி கலந்து தமிழ் பேசும் பயிற்சிப் பெண்ணுடையவை. அப்பா படைக்கலத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அந்த வாரம்தான் அவள் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது.

“ஏம்மா, கச்சேரி கேக்கத்தானுங்களா சர்வர் வாங்கி வெச்சிருக்கோம்? உங்க தாபோடியில ரேடியோ கிடைக்காதா?”

“ஒரு சீடி பாட்டுதான் ஸார். அதுக்கே படுத்துக்கிச்சுன்னா, அது என்ன சர்வர் ஸார்?”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வினையாயிற்று. பாட்டுகளை அழிக்க எனக்கு உத்தரவு. வெள்ளிக்கிழமைக்கு மேல் வரவேண்டாம் என்று அவளுக்கு.

அழித்தேன். வேகம் கூடவில்லை. சொன்னேன். “கொஞ்சம் நேரம் ஆகுமுங்க,” என்றார் மேலாளர், ஊசி போட்ட டாக்டரைப் போல.

அவர் சாப்பிடப் போனபோது ஹார்ட் டிஸ்க்கின் பரிமாற்ற அமைப்பைத் திறந்து பார்த்தேன். டிஎம்ஏ என்று இருக்கவேண்டிய இடத்தில் பிஐஓ என்று இருந்தது. முதல் வழியில் டிஸ்க் தகவலை நேரே நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். இரண்டாவதில் பிராசசர் மற்ற வேலைகளை விட்டுவிட்டுத் துண்டு துண்டாகத் தானே சுமக்கும். பரிமாற்றத்தில் பிழைகள் மலிந்தால் விண்டோஸ் தானாக இந்த மெதுவான வழிக்கு இறங்கிவிடும். தானாக மேலே ஏறாது. பெட்டியைத் திறந்தேன். டிஸ்க்கின் கேபிள் பாதி கழன்றிருந்தது. நாற்காலி இடிக்கும் பக்கம். அழுத்திச் சொருகி, அமைப்பைச் சரிசெய்து, மறுபடி இயக்கினேன்.

திரும்பி வந்தவர் ஒரு கோப்பைத் திறந்தார். உடனே திறந்தது. “பாத்தீங்களா? பாட்டு போச்சு, நோவும் போச்சு!”

நான் அந்தப் பெண்ணின் சீடியை வாங்கிவந்து, அவர் கண் முன்னால் எல்லாப் பாட்டையும் திரும்ப ஏற்றினேன். இருந்ததிலேயே பெரிய கோப்பைத் திறந்தேன். அதுவும் உடனே திறந்தது. நடந்ததைச் சொன்னேன்.

“செட்டிங்க யாருங்க மாத்துனது?”

“யாரும் மாத்தல சார். கேபிள் ஆடிச்சு, அதுவா மாறிடுச்சு. உங்க நாற்காலி இடிச்சுத்தான்.”

அவர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னை. “அப்ப சர்வரைக் கொண்டுவந்து ஏனுங்க இங்க வெச்சீங்க?”

வைக்கச் சொன்னவர் அவர்தான். அதை நினைவூட்டவில்லை; அவளுடைய வேலை என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

“சரி, இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுட்டேன்னு சொல்லிடுங்க.”

சொன்னேன்.

“மாஃப் பண்ணாரா? எதுக்கு அண்ணா?” என்றாள். பிறகு பையைத் திரும்ப மேசைக்கடியில் வைத்தாள். “சலோ, நௌக்ரி தப்பிச்சுது, வேலை போகல.”

அடுத்த வாரம் மேலாளர் அறையிலிருந்து பாட்டுக் கேட்டது. அவளுடைய பாட்டுகள்தான், சர்வரிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கதவருகே நின்று என்னைக் கூப்பிட்டாள், தேவைக்கு மேல் சத்தமாக.

“அண்ணா, இப்ப சர்வர் ஸ்லோ ஆகாதா?”

உள்ளே சத்தம் குறைந்தது. பாட்டு நிற்கவில்லை.