அடுப்புக்கு மேலே காய்ந்த சிவப்புக் கொடி

எங்கள் எஸ்டேட் லைனுக்கு எதிர்மேட்டில் பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகுவார்கள். சுடும் நாளில் சிவப்புக் கொடி ஏறும். கொடி தெரியாவிட்டால் பெண்கள் தைரியமாக விறகுக்குப் போவார்கள். அந்தக் கொடியை ஏற்றி இறக்குவது என் அப்பாவின் வேலை. கலெக்டருக்கு அடுத்தது எங்கள் அப்பாதான் என்று பள்ளிக்கூடத்தில் அளந்துகொண்டு திரிந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் கொடி ஊறிப்போய்க் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப்போட்டார். குன்னூரில் வெயிலை நம்பி யார் துணி துவைக்கிறார்கள்? என் பாவாடைக்கும் அவர் பனியனுக்கும் நடுவில் அது தொங்கியது. இந்த மழையில் எவன் சுடப்போகிறான் என்று அவருக்கு நினைப்பு.

மறுநாள் வானம் வெளுத்தது. மேட்டில் வெடிச்சத்தம் கேட்டது. அப்பா மூச்சிரைக்க ஓடிவந்து கொடியை உருவிக்கொண்டு ஓடினார். கூடவே என் பாவாடையும் போனதைப் பார்த்துச் சிரித்தேன். அவர் கொடியைக் கட்டுவதற்குள், தனியாக விறகுக்குப் போயிருந்த பெரியம்மாவின் முழங்காலில் குண்டு பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். அம்மாவின் அக்கா அவள், எங்களோடுதான் இருந்தாள்.

பெரியம்மாவைப் பட்டாளத்து விசாரணைக்குக் கூட்டிப்போக ஜீப் அனுப்பினார்கள். துணைக்கு அம்மாவும் நானும் போனோம். அதிகாரி இந்தியில் கேட்டதை ஒரு கிளார்க் பெரியம்மாவிடம் தமிழில் சொன்னார்.

“அன்னைக்குக் கொடி பறந்துச்சாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அப்பா சுவரோரம் நின்றார். அவர் வேலை அந்த ஒரு பதிலில் இருந்தது.

“பறந்துச்சுங்க சார். பாத்துட்டுத்தானுங்க போனேன். என்ற தப்புதானுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மிட்டாயை ஒளித்தாலே காதைத் திருகுகிற பெரியம்மாவா இப்படிப் பொய் சொல்கிறாள்? அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “இல்ல பெரிம்மா, கொடி நம்ம ஊட்டுல...” என்று ஆரம்பித்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து இறுக்கினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது.

பிறகு நஷ்டஈட்டுக்காக ஆர்.டி.ஓ. விசாரித்தபோதும் அதே பதில். கொடியைப் பார்த்தும் போனவளுக்கு நஷ்டஈடு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

பட்டாளத்து விசாரணை முடிந்து ஜீப் இறக்கிவிட்ட அன்று, ரோட்டிலிருந்து வீடுவரை படிகளில் அப்பாதான் அவளை முதுகில் சுமந்து ஏறினார். காலோடு அவளுக்கு ஞாபகமும் போய்விட்டதென்று நான் பயந்துபோயிருந்தேன். கொடி எந்தக் கயிற்றில், எதற்கும் எதற்கும் நடுவில் தொங்கியது என்று பின்னாலேயே விளக்கிக்கொண்டு வந்தேன். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். பெரியம்மா அவ்வளவு கனமாக இருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.